கள்ளிக்குப் பரிசாக வந்த விளக்கு

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒற்றெழுத்து எங்கே வரும், பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பதெல்லாம் இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். போதாக்குறைக்கு இதைக் கோபத்தோடு எழுதுகிறேன். அழுத்துகிற அழுத்தில் இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் படிக்க வேண்டாம். அதுவும் கோபத்தில் சொல்வதுதான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சுரங்கத்தில் பெல்ட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெட்டியெடுத்த மண்ணும் கரியும் நீளமான ரப்பர் பெல்ட்டில் ஓடும். ஓடுகிற வேகத்தில் இரண்டு பக்கமும் சிந்தும். சிந்தியதை மண்வெட்டியால் அள்ளித் திரும்பவும் பெல்ட்டில் போடுவது என் வேலை. அங்கே இருக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசினாலும் கேட்காது. நிறுத்து, ஓட்டு, தள்ளி நில், சாப்பிடப் போகலாம் எல்லாவற்றுக்கும் கையைத்தான் காட்டுவோம். மற்றவர்களுக்கு அது தொல்லை. எனக்கு அது நிம்மதி. நான் பேச்சு வராதவன். ஊமை இல்லை, திக்குவாயும் இல்லை. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அப்படி. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் ஒரு வார்த்தை பேசாததால், மாப்பிள்ளைக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாமனார் என்னிடம் சத்தமாகவே பேசினார்.

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது மற்றவர்கள் அழுதார்கள். எனக்கு அழ ஒன்றும் இல்லை. அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவன் நான், எனக்குப் போனது கூலி வேலை மட்டும்தான். காண்ட்ராக்ட்டில் சேர்ந்து, பிறகு பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்களில்தான் கள்ளி வந்தது.

அதிகாரிகள் பங்களா இருக்கும் பக்கம் ஒருநாள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தோட்டக்காரர் ஆள் உயரக் கள்ளி ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி ரோட்டோரம் போட்டுக்கொண்டிருந்தார். நம் பக்கத்து வேலியில் இருக்கும் சப்பாத்திக்கள்ளி இல்லை. தூண் மாதிரி நேராக நிற்பது, உடம்பெல்லாம் வரி வரியாக மேடும் பள்ளமும், மேட்டில் வரிசையாக முள். பங்களாக் குழந்தைக்கு முள் குத்திவிட்டதாம், அதனால் வெட்டச் சொல்லிவிட்டார்களாம். ராத்திரியில் இது பூக்கும் பாருங்க, அந்தப் பூவைப் பார்த்தவர்கள் வெட்டச் சொல்ல மாட்டார்கள், இவர்கள் எட்டு மணிக்கே தூங்குகிறவர்கள் என்று அவர் அலுத்துக்கொண்டார். ஒரு துண்டைச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"ஊரே ரோசாவும் மல்லியும் வச்சிகினு இருக்குது. நீங்க முள்ளத் தூக்கிகினு வரீங்க. யாரக் குத்தறதுக்கு?"

தோட்டக்காரர் சொன்னபடி, வெட்டிய வாய் காயும்வரை நிழலில் போட்டு வைத்திருந்து, வாசலின் தெற்கு மூலையில் நட்டேன். சிவப்பு மண். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது, கிளை விட்டது. மூன்றாம் வருஷம் கோடை மழை பெய்து சில நாளில் மேட்டு வரியில் பச்சைக் குமிழ்கள் தெரிந்தன. குமிழ் நீண்டு விரல் ஆயிற்று, விரல் நீண்டு முழங்கை ஆயிற்று. ஒருநாள் சாயங்காலம் நுனி உப்பிக்கொண்டு வந்தது. இருட்ட இருட்ட அவிழ்ந்தது. இரண்டு கையையும் விரித்துச் சேர்த்து வைத்த அளவுக்கு வெள்ளைப் பூ. மறுநாள் வெயில் ஏறும்போது துணி மாதிரி தொங்கிவிட்டது.

இந்தச் சேதி எங்கள் வரிசை முழுக்கப் பரவியது. எங்கள் வரிசையில் எல்லா ஜில்லா ஆட்களும் இருந்தார்கள். தெற்கத்திக்காரர், சேலத்துக்காரர், பாலக்காட்டுக்காரர், எங்களைப் போல இங்கேயே பிறந்தவர்கள். அந்தப் பூவுக்கு ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். நாங்கள் ராக்கள்ளி என்றோம். பூக்கிற ராத்திரியில் இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்காருவார்கள். மூன்றாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ் வரும்வரை உட்காருவார்கள். பெண்கள் பாய் கொண்டுவருவார்கள். பூ இருட்டில்தான் நன்றாகத் தெரிகிறது என்று யாரோ சொன்னதால் வீட்டு பல்பையும் அணைத்துவிடுவோம். அப்போது எங்கள் ரோட்டில் விளக்கு கிடையாது.

அந்த இருட்டில்தான் எனக்குப் பேச்சு வந்தது.

எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு முகமும் தெரியவில்லை, என் முகமும் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் ஷிப்டில் ஒரு சூப்பர்வைசர் நின்றுபோன பெல்ட்டில் துண்டை விரித்துப் படுத்ததையும், பெல்ட்டு ஓட ஆரம்பித்ததும் அவர் தூக்கத்திலேயே கரியோடு ஊர்வலம் போனதையும், நாங்கள் பெல்ட்டை நிறுத்துகிற கயிற்றை இழுத்தபோது அவர் எழுந்து "எவன்டா என்னை எடம் மாத்திப் படுக்கவச்சது" என்று கேட்டதையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். யார் பேசுவது என்று ஒரு பெண் கேட்டாள். வீட்டுக்காரர்தான் என்று என் மனைவி சொன்னபோது அந்தப் பெண் நம்பவில்லை. எத்தனையோ மாதம் பக்கத்து வீட்டில் இருந்தும் என் குரலை அவள் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் இது நடந்தது. ஒரு மழைக்கு ஒரு தடவை, வருஷத்தில் நாலைந்து ராத்திரி. பூ எப்போது என்று என்னைக் கேட்பார்கள். இன்னும் இரண்டு நாள் என்று விரலைக் காட்டுவேன். அந்தச் சில ராத்திரிகளுக்காகத்தான் மற்ற நாள்களில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு எதிர்வீட்டில் ஒரு வயர்மேன் இருந்தார். தெற்கத்திக்காரர். வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதுவது அநியாயமாகிவிடும். பூ ராத்திரிகளில் முதலில் வந்து கடைசியில் போகிறவர் அவர்தான். என் கதைகளுக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு ரோடு ரோடாக மெர்க்குரி லைட்டு போட்டார்கள். எங்கள் ரோட்டுக்கும் வந்தது. ஒருநாள் அண்ணாச்சி வேலையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அளந்து வைத்த கணக்குப்படி கம்பம் நாலு வீடு தள்ளித்தான் வர வேண்டுமாம். இவர் மேலே இருப்பவரிடம் மன்றாடி, வளைவு இருக்கிறது, பாம்பு வருகிறது என்று இல்லாததெல்லாம் சொல்லி, கம்பத்தை எங்கள் வேலி ஓரமாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். கள்ளிக்கு நேர் எதிரே.

"ஓய், உம்ம பூவுக்குன்னே ஒரு வெளக்கு வாங்கிட்டு வந்திருக்கேன். இனி ரோட்டுல போற பஸ்ஸுல இருந்தே தெரியும்வே."

என் மனைவிக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டாருக்குச் சந்தோஷம். நான் என்ன சொன்னேன் என்றால், சரிங்க அண்ணாச்சி என்றேன். பகல் வெளிச்சம், நாலு பேர் முகம். வேறு என்ன வந்திருக்கும் எனக்கு?

அதில் என்ன தப்பு என்று அப்போது எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை. நாங்கள் கரண்டு எடுக்கிற ஊர்க்காரர்கள். கரியை வெட்டுகிறோம், எரிக்கிறோம், வெளிச்சம் வருகிறது. ஒருவனுக்கு விளக்குக் கொடுப்பதைவிடப் பெரிய மரியாதை இந்த ஊரில் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் பந்தல்காரன் எத்தனை டியூப்லைட் கட்டினான் என்றுதான் கேட்பார்கள். வேறு ஊரில் யாராவது ஒரு செடிக்கு விளக்கைப் பரிசாகக் கொடுத்திருப்பார்களா? இங்கேதான் கொடுப்பார்கள்.

முதல் நாள் விளக்கு எரிந்தபோது வரிசையே வந்து கை தட்டியது. நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம். கள்ளியின் ஒவ்வொரு முள்ளுக்கும் நிழல் விழுந்தது. வேலியில் இருந்த கோவைக்காயை எண்ணலாம் போலிருந்தது. விடியும்வரை அப்படியே எரிந்தது.

அந்தக் கோடையில் மழை பெய்தது, குமிழ்கள் வந்தன. விரல் அளவுக்கு வளர்ந்து மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினேன். தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து நிறுத்தினேன். கண் பட்டுவிட்டது என்று மனைவி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். உதிராமல் நின்ற ஒன்றிரண்டு மொட்டு, முழங்கை நீளம் வந்த பிறகு, சாயங்காலம் வாய் பிளந்து அப்படியே நின்றது. அவிழவில்லை. காலையில் பார்த்தால் பாதி திறந்த வாயோடு தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த கிளைகள் கம்பத்தைப் பார்த்த பக்கம் வெளிறி, மெலிந்து நீண்டன. முன்பெல்லாம் பூ அவிழும்போது கட்டைவிரல் மொத்தமுள்ள பூச்சிகள் வந்து அதில் தலையை விட்டுக்கொள்ளும். இப்போது அவை விளக்கைச் சுற்றின. காலையில் கம்பத்தடியில் செத்துக் கிடந்ததை மனைவி கூட்டி அள்ளினாள்.

ஜனங்கள் வந்து பார்த்தார்கள். வெளிச்சத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்றைக்கு இல்லை போலிருக்கிறது என்று எழுந்து போனார்கள். நானும் பேசவில்லை. எல்லோர் முகமும் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த கோடையில் ஒருநாள் விளக்கு ஃபியூஸ் போய்விட்டது. புது பல்பு ஸ்டோரில் இல்லை, வர நாளாகும் என்றார்கள். எங்கள் வேலி ஓரம் பழையபடி இருட்டாயிற்று. செடியில் அப்போது நாலைந்து மொட்டு முழங்கை நீளத்தில் நின்றுகொண்டிருந்தது. இருட்டு விழுந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நுனி உப்பியது.  போய் வீடு வீடாகச் சொல் என்று மனைவியை அனுப்பினேன்.

எல்லோரும் வந்தார்கள். பாய் வந்தது. நாலு பூவும் ஒன்றாக அவிழ்ந்தன. வாசனை அடுத்த வரிசைவரை போயிற்று. நான் பேச ஆரம்பித்தேன். இரண்டு வருஷம் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. என் மாமனார் என்னைச் செவிடு என்று நினைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மாமனார் காதருகே வந்து "மாப்ளே, காபி வேணுமா" என்று கத்திய இடத்துக்கு வந்தேன்.

அண்ணாச்சி ஏணியோடு வந்தார். அன்று சாயங்காலம்தான் பல்பு வந்ததாம். பூ அவிழ்கிற சேதியை வழியில் கேட்டு, எல்லோரும் கூடியிருக்கும்போது பூவைக் காட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்குக்கூடப் போகாமல் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். ஏணியைச் சாய்த்து ஏறினார். நான் கதையை நிறுத்தினேன். என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் மாட்டிவிட்டார். விளக்கு முதலில் சிவப்பாக முனகியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகி, எல்லோரையும் காட்டியது. வாயைத் திறந்தபடி நடுவில் உட்கார்ந்திருந்த என்னையும் காட்டியது.

எல்லோரும் பூவைப் பார்த்து ஆகா என்றார்கள். நான் எழுந்து கம்பத்தடிக்குப் போனேன்.

"அணைங்க," என்றேன்.

"என்னதுவே?"

"வெளக்க அணைங்க அண்ணாச்சி. இத்தாலதான் பூக்க மாட்டேங்குது."

அவர் ஏணியில் நின்றபடியே சிரித்தார். லைனுக்கு ஒரே சுவிட்சு, இந்த ஒன்றை மட்டும் அணைக்க முடியாது என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"வெயிலடிச்சா செடி சாவா செய்யுது? வெளக்குன்னா என்னவே, சின்ன சூரியன். ரெண்டு நேரமும் சாப்பாடு போடுதேன் உம்ம செடிக்கு. கரண்டு எடுக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு வெளக்க அணைன்னு சொல்லுதீரு. வெளிய சொல்லாதீரும், சிரிப்பாவ."

கூட்டத்திலிருந்து யாரோ ஒரு பையலின் குரல் வந்தது.

"பூவுக்குக் கூச்சம் அண்ணாச்சி. வூட்டுக்காரரு மாதிரி."

அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவியைத் தவிர. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? என் முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. கதையின் மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவர்கள் வெகுநேரம் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். பூவைப் பற்றித்தான் பேசினார்கள், என்ன அழகு என்று.

அன்றிலிருந்து அண்ணாச்சியோடு நான் பேசுவதை விட்டேன். முன்பும் அதிகம் பேசியதில்லையே என்று கேட்கலாம். பேச வராமல் இருப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. மூன்றாம் ஷிப்டு பார்த்துவிட்டு வந்தவர் உள்ளே தூங்கினால், வாசல் கதவில் ஒரு துண்டை மாட்டிவிடுவார்கள். துண்டைப் பார்த்தால் கீரைக்காரி கூவ மாட்டாள், பிள்ளைகள் அந்த வாசலில் விளையாட மாட்டார்கள், உப்புக் கடன் கேட்கிறவள்கூடப் பின்பக்கமாகப் போவாள். சன்னலில் சாக்கைக் கட்டிப் பகலை ராத்திரியாக்கிக்கொண்டு தூங்குகிறவனை எழுப்பினால் அடிதடிதான். என் மனைவி ஒருநாள் சாயங்காலம், விளக்கு எரிந்ததும், என் துண்டை எடுத்துப் போய்க் கள்ளியின் பக்கத்து வேலிக் குச்சியில் மாட்டினாள். தெரு சிரித்தது. கள்ளி எந்தப் பிரிவில் வேலை பார்க்கிறது, பெர்மனென்ட்டா காண்ட்ராக்டா என்று கேட்டார்கள். அண்ணாச்சி வந்து, என்னம்மா இது என்றார். அவள் விடவில்லை.

"மூணாம் ஷிப்டு ஆளுக்கு இருட்டுனாத்தாங்க வேல. இதுவும் அப்பிடித்தான். நீங்க பொழுதே போவ வுடலன்னா, இன்னும் பகல்தான்னு நெனச்சிகினு அது மூடிகினே கெடக்குது. எப்பிடிங்க வேலைக்குக் கெளம்பும்?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்லது செய்யப் போனவனுக்கு இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விளக்குப் பிரிவு ஆபீசுக்குப் போனேன். வாழ்க்கையில் நானாக ஆபீசுக்குப் போனது அது ஒரு தடவைதான். நாலு மேசை, நாலு பேரும் நிமிர்ந்தார்கள். எங்க வூட்டாண்ட லைட்டு வேணாங்க என்றேன். ஏன் என்றார்கள். செடி என்றேன். அதற்கு மேல் வரவில்லை. விளக்கு வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், வேண்டாம் என்று வந்த முதல் ஆள் நீதான்யா என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். வழியெல்லாம் சைக்கிளில் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நல்ல பதில்கள். வீடு வந்தபோது ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

கம்பத்துக்கும் செடிக்கும் நடுவே மூங்கில் நட்டுச் சாக்குக் கட்டினேன். குவார்ட்டர்ஸ் வீடுகளைச் சோதிக்க வந்த அதிகாரி, முன்பக்கம் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லி அவிழ்க்க வைத்தார். ராத்திரி கல்லை விட்டு எறிந்து பல்பை உடைக்கலாம் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, கல்லைப் பொறுக்கிக்கூட வைத்திருந்தேன். ஆனால் அந்த விளக்கடியில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸிலிருந்து நடந்து வந்தார்கள். எனக்குத்தான் அது விரோதி. ஊருக்கே வேண்டியதாக இருக்கும் ஒன்றின் மேல் ஒருவன் மட்டும் கோபமாக இருப்பது எவ்வளவு கேவலமான நிலைமை என்று அனுபவித்தால்தான் தெரியும். நான் சுரங்கத்தில் வேலை செய்வதே பெரிய பெரிய விளக்குகளின் கீழேதான். அங்கே அது இல்லாவிட்டால் கை கால் போய்விடும். விளக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்கு எதிரே நடுகிறோம் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம் என்கிறேன். நாலு வீடு தள்ளி வர வேண்டியதுதானே அது?

கடைசியில் கள்ளியை அறுத்தேன். நல்ல கிளைகளை எடுத்துக் காயவைத்து, வீட்டின் பின்பக்கம், குளிக்கிற அறைச் சுவரை ஒட்டி நட்டேன். வீடு மறைப்பதால் முன்பக்க விளக்கு அங்கே வராது. அதற்கு அப்பால் இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள சந்து. சாக்கடை ஓடும், பாய் விரிக்க இடம் கிடையாது.

வேர் பிடித்துப் பூக்க நாளாயிற்று. போன கோடையில் பூத்தது. முதல் தடவை நானும் மனைவியும் மட்டும் பார்த்தோம். அடுத்த தடவை இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்த ஒருவர் வாசனை பிடித்துக்கொண்டு சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த தடவை ஏழெட்டுப் பேர், சாக்கடைக் கல் மேல் வரிசையாகக் குந்திக்கொண்டு. மூக்கைப் பொத்திக்கொள்வதா, பூவை மோப்பம் பிடிப்பதா என்று ஒருவர் கேட்டார். இருட்டில் சிரித்தார்கள். மாமனார் கதையின் மீதியை அங்கேதான் சொன்னேன். அண்ணாச்சி வரவில்லை. அவர் வர மாட்டார் என்று தெரியும்.

இன்று காலையில் பின்பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. எனக்கு வார விடுமுறை. போய்ப் பார்த்தால் சந்தில், எங்கள் சுவருக்கு நேராக, இடுப்பளவு ஆழத்துக்குக் குழி. பக்கத்தில் கம்பம் கிடந்தது. மூன்று பேர் தூக்குவதற்குத் தயாராக நின்றார்கள். சந்துக்கும் விளக்கு வருகிறதாம். இந்த வருஷத்து மொட்டுகள் செடியில் முழங்கை நீளத்தில் நிற்கின்றன. இன்றோ நாளையோ அவிழும்.

என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. குழியில் இறங்கி நின்றுகொண்டேன்.

"யோவ், ஏறுய்யா மேல," என்றான் அதில் ஒருவன்.

"வேணாம்," என்றேன்.

"என்னா வேணாம்?"

"வேணாம்."

இரண்டு வரிசையிலிருந்தும் ஜனங்கள் பின்வாசலைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். காலை வெயில் நேராக என் முகத்தில். பெருசு, உன்னை உள்ளே வைத்தே சிமெண்ட்டு போட்டுவிடுவோம், கம்பம் நல்லா ஸ்ட்ராங்கா நிக்கும் என்று ஒருவன் சொல்ல, சிரித்தார்கள். குழி மண்ணில் காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டேன்.  என் மனைவி வந்து குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏறுங்க என்றும் சொல்லவில்லை, நில்லுங்க என்றும் சொல்லவில்லை.

கடைசியில் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். இந்த வேலைக்கு அவர்தான் பொறுப்பு. சைக்கிளில் வந்து இறங்கி, குழியைப் பார்த்தார். சுவரோரம் இருக்கும் செடியைப் பார்த்தார், மொட்டுகளைப் பார்த்தார். அது அங்கே இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது என்று நினைக்கிறேன்.  

"அவரு ஏற மாட்டாரு," என்றார் ஆட்களிடம். "கம்பத்தத் தூக்கிட்டு அந்த முக்குக்குப் போங்கலே. அங்கன தோண்டுங்க. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"வாரும்வே மேல. குழி ஈரம்."

நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. நானாகவே மண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வேட்டியெல்லாம் சேறு. அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் நான், என்றார். உம்மிடம் கேட்டிருந்தாலும் சரிங்க அண்ணாச்சி என்றுதானே சொல்லியிருப்பீர் என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். அந்த உண்மைதான் எனக்கு இன்னும் அதிகக் கோபத்தை மூட்டியது. பேச்சு வராதவன் சரி என்று சொன்னால் அது சரி ஆகிவிடுமா?

சந்து முனையில் கம்பம் நட்டுவிட்டார்கள். அங்கிருந்து வெளிச்சம் எங்கள் சுவர்வரை வருமா என்பது எரியவிட்ட பிறகுதான் தெரியும். பூ அவிழ்கிற ராத்திரியில் அண்ணாச்சி வரலாமா என்று மனைவி கேட்கிறாள். அவரே அவளிடம் கேட்டாராம். வந்தால் வரட்டும், என் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்றேன். சாக்கடைக் கல் நீளம்தான், அந்தக் கோடியில் உட்காரட்டும் என்றாள்.

குழியில் நின்றபோது ஒரே ஒரு சொல்தான் வந்தது. மத்தியானத்திலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கை வலிக்கிறது.

12 ஜூன் 1968, புதன்கிழமை